பெரியவளைச் சினிமாவுக்கு அனுப்பக் கூடாது

இயேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
17.11.74, ஞாயிறு

மிகவும் மரியாதைக்குரிய ஃப்ளோரன்ஸ் அத்தைக்கு, உங்கள் மருமகள் மர்சலின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

அத்தை, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். டீச்சர்கள் அறையில் வாசித்துக் காட்டாதீர்கள். போன தடவை நான் எழுதியதைச் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு ஆறு மார்க்கும் போட்டு, பாளையங்கோட்டையிலிருந்து திருப்பி அனுப்பினீர்கள். அதை அப்பா பிரித்துவிட்டார். இந்தத் தடவை பிழை இருந்தால் மனதுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். மாதா படத்துக்கு முன்னால் எரியும் குட்டி பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

இங்கு அம்மா நலம். கம்பவுண்டர் வெள்ளைச்சாமி நலம். அப்பா வருகிற வியாழக்கிழமை சாகப் போகிறார். பதறாதீர்கள், சினிமாவில்தான். ஆனால் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இப்படி எழுதியதற்கு அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன்.

உங்கள் தம்பியிடம் பழைய ரிவால்வர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். “சுத்தப் பைத்தியக்காரத்தனம்” என்று நீங்கள் எழுதிய தபால் கார்டு கிளினிக் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது, பேஷண்டுகள் படித்துவிட்டு அப்பாவை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மொத்தம் மூன்று. எல்லாம் உங்கள் வயதுக்கு முன்பின்னான அமெரிக்கச் சாமான்கள் (மன்னியுங்கள்). ஆளைச் சுட அல்ல, தூரத்தில் மாட்டிய அட்டையைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்தவை. நீளக் குழல், சின்னத் தோட்டா. பெரம்பூரில் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுமுன் மேல்வரிசை கீழ்வரிசை இரண்டுக்கும் அப்பாவிடம் பொய்ப்பல் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பதிலாக, கமிஷனர் ஆபீஸில் முறைப்படி பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனதுதான் இருப்பதில் அருமையானது. அப்பா அதைப் பெரியவள் என்பார். மற்ற இரண்டும் நடுவுள்ளவள், சின்னவள். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லாத குறையை அப்பா இப்படித் தீர்த்திருக்கிறார். பல்லுக்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பெரியவளின் குழலுக்குள் விட்டுப் பார்ப்பார். பல்லிடுக்குக் கொக்கியால் அவள் இடுக்கையெல்லாம் சுரண்டுவார். எனக்குக் கடைசியாக எப்போது பல் பார்த்தார் என்று கேளுங்கள், முழிப்பார்.

இப்போது ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் படியுங்கள், இது புரியாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. சாதாரணத் தோட்டாவுக்குப் பின்பக்கம் நடுவில் அடித்தால் வெடிக்கும். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில் இருக்கிறது, விளிம்பில்தான் அடிக்க வேண்டும். அதனால் உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், ஊசி நேராகப் போய் எஃகு விளிம்பிலேயே இடிக்கும். இடிக்க இடிக்க அங்கே பள்ளம் விழும். அப்புறம் தோட்டா சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் வெடிக்காது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், வாயில் பஞ்சு வைத்திருக்கும் பேஷண்டிடம்கூட, அப்பா இதைச் சொல்வார்: “பல்லு இல்லாம கடிச்சா என்ன ஆகும்? ஈறு போகும். அவ்வளவுதான் சார்.” பஞ்சு வைத்தவர் தலையாட்டுவார், வேறென்ன செய்வார். எனக்குப் பதினொரு வயதில் சின்னவளை ஒரே ஒரு தடவை வெறுமனே ‘டிக்’ என்று தட்டிவிட்டேன். அப்பா அந்தத் தவக்காலம் நாற்பது நாளும் என்னோடு பேசவில்லை. இதை மனதில் வையுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ரைஃபிள் கிளப்பின் சுடுமிடத்துக்கு என்னையும் அழைத்துப் போவார். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடிக்கும். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் வந்து நிற்கும்போது உலகத்தில் வேறு சத்தமே இருக்காது. அல்ஜிப்ரா இருக்காது, அம்மாவின் திட்டு இருக்காது. பெரியவளின் விசை எப்போது விழுந்தது என்றே தெரியாது, பிரம்பால் மேசையைத் தட்டியதுபோல் ஒரு சின்னச் சத்தம், அட்டையில் ஒரு ஓட்டை, எண்ணெயும் புகையும் கலந்த ஒரு வாசனை. அப்பா அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பாராட்ட மாட்டார். ஆனால் அதை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். வருகிற ஞாயிறு கிளப்பில் ஜூனியர் போட்டி. என் பெயரைக் கொடுத்ததே அப்பாதான். பெரியவளோடு சுடுவதாகத்தான் கொடுத்தார்.

அப்புறம் வில்லியம் மாமா வந்தார்.

அம்மாவின் தம்பி வில்லியம் மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும், அம்மா கல்யாணத்தில் பந்தியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிட்டு ரசத்தைப் பாயசத்தில் ஊற்றியவர். இப்போது கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு சினிமாக் கம்பெனியில் புரொடக்‌ஷன் மானேஜர். கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“அத்தான், ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை காலைல எடுத்துட்டுப் போய்ச் சாயங்காலம் கொண்டாந்து குடுத்துர்றேன். டைரக்டர் குளோஸப்பு வெக்கணுங்கறார். போன படத்துல கட்டைத் துப்பாக்கி. ஹீரோ அதை மேசைல வெச்சதும் டொக்குனு கேக்குது. தியேட்டர்ல ஒருத்தன், ‘எவன்டா பூரிக்கட்டையப் போட்டது’ன்னு கத்திட்டான். மானம் போச்சு.”

“வில்லியம், லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. என் கையெட்டுற தூரத்தைத் தாண்டி அது போகக் கூடாது. அது எங்கேயோ, அங்கே நான்.”

“அப்ப நீங்களும் சீனுக்குள்ள வந்துருங்க. பொணத்துக்கு ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கோம்.”

அப்பா அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வசனம் உண்டா?” என்று கேட்டார்.

“பொணத்துக்கு ஏது அத்தான் வசனம்?”

“சாகறதுக்கு முன்னாடி?”

“வேணும்னா ‘ஆ’ன்னு ஒண்ணு சொல்லிக்குங்க.”

முடிந்தது அத்தை. மயிலாப்பூரையே இருபது வருஷமாக ‘ஆ’ சொல்ல வைத்தவர், தான் சொல்லப் போகும் ஒரு ‘ஆ’வுக்காகப் பெரியவளைத் தாரை வார்த்துவிட்டார். ஹீரோ அவளை வைத்துக்கொண்டு ஒத்திகை, டேக் என்று நாள் முழுக்க வெறுமனே தட்டுவார். இது அப்பாவுக்குத் தெரியாதா? மறுநாளே உதவி டைரக்டர் நெடுஞ்செழியன் என்று ஒருவர் தெருவைக் கூட்டும் அகலத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்ததும் பெரியவளை எடுத்தார், எங்கள் நாட்காட்டியில் இருந்த திரு இருதயப் படத்தையே குறிபார்த்தார், டிக், டிக், டிக் என்று மூன்று தடவை தட்டினார். எனக்கு யாரோ என் பல்லில் சுத்தியலால் அடித்ததுபோல் இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்கு ஒரு டிக்குக்கு ஒரு தவக்காலம். இந்த ஆளுக்கு மூன்று டிக். அப்பா சிரித்தார் அத்தை! சிரித்துக்கொண்டே, “பிடிச்சிருக்கா தம்பி? காபி சாப்பிடுறீங்களா?” என்றார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது சாவு ஒத்திகை. காலையில் முதல் பேஷண்டு வருமுன் ஒரு தடவை, மாலையில் கடைசிப் பேஷண்டு போனபின் ஒரு தடவை, கிளினிக் தரையில் பாய் விரித்து அப்பா சாகிறார். வெள்ளைச்சாமிதான் வாத்தியார். “இன்னா டாக்டரு, சுடுபட்டவன் கண்ணாடிய கயட்டிப் பாக்கெட்ல வெச்சிக்கினா வுயுவான்? டமால்னு வுயணும்.” “புதுக் கண்ணாடிடா, டி. நகர்ல வாங்கினது.” “அப்போ கண்ணாடி இல்லாம சாவு. மொதல்ல முட்டி மடிச்சு, பாய் எங்க கீதுன்னு பாத்து வுயுறியே, குண்டு பாய் பாத்தா வருது?” அம்மாவாவது அதட்டுவாள் என்று பார்த்தால், அவள் அப்பாவின் கல்யாணப் பட்டுச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுவைத்திருக்கிறாள், அதில்தான் ரத்தம் ஊற்றப் போகிறார்களாம், அது அவளுக்குப் பெருமையாம். போன ஞாயிறு கோயில் படியில் நின்று மாதா சபைப் பெண்களிடம், “எங்க வீட்டுக்காரர் இருபத்தொண்ணாந் தேதி வியாழக்கிழமை சாகறார், கோடம்பாக்கத்துல. வந்ததும் எல்லாரும் கட்டாயம் பாக்கணும்” என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வயதான அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, படம் வந்ததுமா, பெட்டி வந்ததுமா என்று விசாரித்தாராம்.

போன செவ்வாய்க்கிழமை மானம் முழுக்கப் போனது. அப்பா குப்புற விழுந்து கிடந்தார். நிஜமாக இருக்கட்டும் என்று பெரியவளைத் தரையில் தன் கைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார், தோட்டா கிடையாது. தரையில் அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, உள்ளே போய்க் கையில் எடுத்தேன். வெள்ளைச்சாமி வெந்நீர் எடுத்துவரப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துத் தெற்கு மாட வீதி மாமி, கன்னம் வீங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண்ட காட்சியை நீங்களே யோசியுங்கள். தரையில் டாக்டர். மேலே நான், கையில் ரிவால்வரோடு.

“அடிப் பாவிப் பொண்ணே! பெத்த தோப்பனைச் சுட்டுட்டு மரமாட்டம் நின்னுண்டிருக்கியேடி! வேற டாக்டரண்ட போன்னு எங்காத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னா, கேட்டேனா!”

அப்பா தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி, “மாமி, அஞ்சு நிமிஷம் உக்காருங்க, வந்துர்றேன்” என்றார். செத்தவர் பேசியதும் மாமி போட்ட அலறல் குளம் வரை கேட்டிருக்கும். கச்சேரி ரோட்டில் பாதிப் பேர் எங்கள் வாசலில். ஒரு கான்ஸ்டபிள் வந்து லைசென்சைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் கிளம்பும்போதாவது அப்பா வாயை மூடியிருக்கலாம். “நான் விழுந்து கிடந்தது இயற்கையா இருந்துச்சா?” என்று அவரிடமே கேட்டார். “மெய்யாலுமே செத்தவன் இவ்ளோ பேச மாட்டான் சார்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் நான் மட்டும்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்ல ஏதாவது கஷ்டமா மர்சலின்?” என்று மெதுவாகக் கேட்டார்கள். ஆமாம் என்று அழுதேன். என்ன கஷ்டம் என்று சொல்லத்தான் முடியவில்லை. எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது?

அப்பாவிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். பயந்துகொண்டேதான்.

“அப்பா, நாள் பூரா வெறுமனே தட்டுவாங்க. விளிம்பு போயிடும். ஞாயித்துக்கிழமை எனக்குப் போட்டி.”

“நடுவுள்ளவளை எடுத்துக்கோ.”

“அவ விசை கல்லு மாதிரின்னு நீங்கதான சொன்னீங்க?”

“பெரிய மனுஷி மாதிரிப் பேசாத. போய்ப் படி.”

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளைச்சாமியிடம் திரும்பி, விழும்போது இடது கையை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடது கைதான் எனக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தபோது என் தோளைப் பிடித்திருந்த கை. எனக்கு வந்த கோபத்தில் சுவரைக் கடிக்கலாம் போல் இருந்தது. கடித்தால் பல் போகும், அதற்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

அதனால் இன்று நான் ஒன்று செய்துவிட்டேன் அத்தை. இதற்காகத்தான் இந்தக் கடிதம். சாயங்காலம் அப்பா பாயில் செத்துக்கொண்டிருந்தபோது பெரியவளின் பெட்டியைத் திறந்தேன். பக்கவாட்டில் முன்னால் ஒரு திருகைக் கழற்றினால் தோட்டா போடும் சிலிண்டர் கையோடு வந்துவிடும். சுத்தம் செய்யும்போது நூறு தடவை கழற்றியிருக்கிறேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டேன். சிலிண்டர் இல்லாமல் ஹீரோ விடிய விடியத் தட்டட்டும், விளிம்பே இல்லையே, எங்கே இடிக்கும்? கைக்குட்டையில் சுற்றி, கூடத்து அந்தோனியார் சுரூபத்தின் பொள்ளலான அடிப்பாகத்துக்குள் வைத்திருக்கிறேன். பொருள் தொலைந்தால் அம்மா அவரிடம்தான் மன்றாடுவாள். அவர் என்ன பதில் சொல்வாரோ, பாவம், அவரையும் மாட்டிவிட்டுவிட்டேன்.

எடுக்கும்போது தைரியமாக இருந்தது. இப்போது அது போய்விட்டது. புதன்கிழமை எண்ணெய் போட அப்பா பெட்டியைத் திறப்பார். திறந்தால் என்ன நடக்கும்? லைசென்சில் எழுதிய சாமானில் ஒரு பாகம் காணோம் என்றால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா? அந்தக் கான்ஸ்டபிள் மறுபடி வருவாரா? நான் எடுத்தேன் என்று சொன்னால் அப்பா இனி என்னைச் சுடுமிடத்துக்கே அழைத்துப் போக மாட்டார். பேசவும் மாட்டார். இந்தத் தடவை அது ஈஸ்டரோடு முடியாது.

உலகத்தில் அப்பா பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். இது செவ்வாய்க்கிழமை உங்கள் கைக்கு வரும். வந்த உடனே ஒரு தந்தி கொடுங்கள்: “துப்பாக்கியைக் கொடுக்காதே. அக்கா.” இவ்வளவு போதும். காரணம் எழுதாதீர்கள், எழுதினால் வாதாடுவார், எழுதாவிட்டால் நடுங்குவார். தந்தி வந்தால் வில்லியம் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார், நானும் சிலிண்டரைச் சத்தமில்லாமல் மாட்டிவிடுவேன். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் டீச்சர்கள் அறையில் கனவு கண்டதாகச் சொன்னாலும் நம்புவார்.

மாமாவுக்கும் தங்கச்சிக்கும் என் அன்பு. பூனைக்குக் காது ஆறிவிட்டதா? எங்களுக்காகச் செபமாலை சொல்லும்போது அப்பாவுக்காக ஒரு பத்து மணி குறைத்துக்கொண்டு அதை எனக்காகச் சொல்லுங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
மர்சலின்

பி.கு.: அத்தை, தந்தி கொடுக்காதீர்கள்! மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். உறை ஒட்டப் பசை எடுக்கக் கிளினிக்குக்குப் போனேன். விளக்கு எரிந்தது, நாற்காலியில் அப்பா இல்லை, அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. பல் செட்டுச் செய்யும் மேசையில் பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு ரிவால்வர். ரோஸ் நிறம்! பொய்ப்பல்லுக்கு ஈறு வார்ப்பார்களே, அந்தச் சாமானில் நுனியிலிருந்து கைப்பிடி வரை பெரியவளை அப்படியே வார்த்துவைத்திருக்கிறார், திருகின் வாய்கூடத் தெரிகிறது. பாதிக்குக் கறுப்புப் பூசியாகிவிட்டது. மீதி ஈறு மாதிரியே இருக்கிறது. அவளை அவர் அனுப்பவே போவதில்லை அத்தை! இந்த ரோஸ்காரியைத்தான் கொடுக்கப் போகிறார். சாகும் ஆசையை மட்டும் விடவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பும் இப்போதுதான் புரிகிறது. ‘வலிக்காது’ என்று சொல்லிவிட்டுப் பல் பிடுங்கும் இடுக்கியை எடுக்கும்போது பேஷண்டைப் பார்த்துச் சிரிப்பாரே, அது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன வில்லியம் மாமாவிடமா போய்ச் சொல்லப் போகிறேன்? அதற்கு மறுபடி கோபம் வருகிறது. ஆனால் அத்தை, பக்கத்தில் நிஜப் பெரியவளும் பெட்டி திறந்து கிடந்தாள், நடுவில் ஓட்டையோடு. ரோஸ்காரிக்கும் நடுவில் அதே ஓட்டை. பார்த்து வார்க்க அங்கே ஒன்றும் இல்லையே. அப்படியென்றால் அவருக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். மெதுவாகத் தட்டுகிறார், அம்மா எழுந்துவிடக் கூடாது என்று. “மர்சலின், முழிச்சிட்டுத்தான இருக்க? உன் கறுப்பு டிராயிங் இங்க் இருந்தா குடு, பெயின்ட் பத்தல. அப்படியே அந்த சிலிண்டரையும் கொண்டா, அளவு எடுக்கணும்” என்கிறார். நான் என்ன சொல்வது அத்தை, அவர் குரலில் கோபமே இல்